கிளென் வோர்னரும் கார்லைல் மாணவரும்

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நாமறிந்த உதைபந்தாட்டமன்று; றகர் ஆட்டத்தின் வழிவந்தது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாவாட், யேல் முதலிய பல்கலைக்கழகங்களின் செல்வக் குடும்பத்து இளைஞரே அதில் கோலோச்சினர். அவ்வாட்டத்தின் போக்கை மாற்றிய பயிற்றுநருள் ஒருவரான கிளென் வோர்னர், தமது திறனை நிலைநாட்டிய களமோ முற்றிலும் வேறானது.

1871இல் நியூயோர்க் மாநிலத்திற் பிறந்த வோர்னர், கோணெல் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று 1894இற் பட்டம் பெற்றார். சட்டத்தொழில் அவரை நெடிது ஈர்க்கவில்லை. ஜோர்ஜியாவிலும் கோணெலிலும் பயிற்றுநராயிருந்தபின், 1899இற் பென்சில்வேனியாவிலுள்ள கார்லைல் கைத்தொழிற் பாடசாலையை அடைந்தார்.

இப்பாடசாலையின் இயல்பை அறியாது வோர்னரை அறிதல் இயலாது. இராணுவ அதிகாரியான றிச்சட் பிராற், கைவிடப்பட்ட படைமுகாமொன்றில் 1879இல் இதனை நிறுவினார். பழங்குடிச் சிறார் தம் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, நெடுந்தொலைவிலிருந்து இங்கு கொணரப்பட்டனர். அவர்தம் கூந்தல் கத்தரிக்கப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. நோயால் மாண்ட பலர் அங்கேயே புதைக்கப்பட்டனர். மாணவனொருவன் கால் முறிந்தமையால் உதைபந்தாட்டத்தைத் தடுத்த பிராற், எதிரணியினர் அடித்தாலும் திருப்பி அடிப்பதில்லை என்ற வாக்குறுதியைப் பெற்றபின்னரே அதனை மீள அனுமதித்தார். வெள்ளையர் வன்முறையை வரலாறாகக் கொண்ட நாட்டில், பொறுமைக்கான உறுதிமொழி எவரிடம் கோரப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

கார்லைல் வீரர் பெரும்பாலும் உடற்பருமனிற் குறைந்தவர், விரைவில் மிக்கவர். எனவே வோர்னர் வலிமையை விடுத்து விரைவையும் சூழ்ச்சியையும் நம்பினார். 1903இல் ஹாவாட்டுக்கெதிரான ஆட்டத்தில், பந்தைச் சக வீரனின் சட்டையின் பின்புறத்தில் ஒளித்து எல்லைவரை ஓடச்செய்தமை இன்றும் பேசப்படுகிறது. எனினும் அவ்வாட்டத்தில் ஹாவாட்டே 12-11 என வென்றது. 1906இற் பந்தை முன்னோக்கி எறிதல் விதிகளில் இடம்பெற்றது. பிறர் தயங்கிநிற்க, மறு ஆண்டிலேயே கார்லைல் அணி அதனைக் கையாண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தை 26-6 என வீழ்த்தியது. ‘ஒற்றைச் சிறகு’ என்னும் ஆட்டவகுப்பும் வோர்னரின் பெயரோடு இணைந்ததே. இவற்றுக்கான புகழ் முழுவதையும் பயிற்றுநருக்கே அளிப்பது வரலாற்றாசிரியரின் வழக்கம். அவற்றைக் களத்திற் செய்துகாட்டிய மாணவருக்கும் அதிற் பங்குண்டு.

அம்மாணவருள் தலைசிறந்தவர் ஜிம் தோர்ப். 1912இல் ஸ்ரொக்கோம் ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்களை வென்றார். அவ்வாண்டு நவம்பரில், பிற்காலத்தில் ஜனாதிபதியான ஐசன்ஹோவர் இடம்பெற்றிருந்த இராணுவக் கல்லூரி அணியைக் கார்லைல் 27-6 எனத் தோற்கடித்தது. மூன்று மாதங்கள் கழியுமுன் தோர்ப்பின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. கோடை விடுமுறையிற் பணம்பெற்று பேஸ்போல் ஆடியமையே குற்றம். அறியாச் சிறுவனாய்ச் செய்த பிழையென மன்னிப்பு வேண்டும் கடிதமொன்று தோர்ப்பின் பெயரில் வெளியானது. அதனை வரைந்ததில் வோர்னருக்குப் பங்குண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தாம் ஏதும் அறியேன் என்றார் வோர்னர். தம் அணியின் தலையாய வீரர் ஈராண்டு எங்கிருந்தார் என்பதை அவர் அறிந்திலர் என்பது நம்பத்தக்கதன்று.

1914இற் காங்கிரஸ் விசாரணைக்குழு கார்லைலுக்கு வந்தது. மாணவர் இருநூற்றுவருக்கு மேற்பட்டோர் முறையீட்டிற் கையொப்பமிட்டிருந்தனர். வோர்னரின் இழிசொற்கள் குறித்து அவர் பயிற்றிய வீரர்களே சாட்சியளித்தனர். ஆட்டங்களாற் சேர்ந்த பணம் கையாளப்பட்ட முறையும் வெளிப்பட்டது. பாடசாலைத் தலைவர் பதவியிழந்தார். வோர்னரோ 1915இற் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திற் பதவியேற்று, பின்னர் ஸ்ரான்போட், ரெம்பிள் பல்கலைக்கழகங்களிலும் புகழுடன் பணியாற்றினார். கார்லைல் 1918இல் மூடப்பட்டது.

தோர்ப் 1953இலும் வோர்னர் 1954இலும் மறைந்தனர். பதக்கங்களின் பிரதிகள் 1983இல் தோர்ப்பின் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அப்போதும் அவர் பெயர் பிறருடன் இணையாகவே பதிவாயிற்று. அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு ஏற்றுக்கொண்டது 2022இலேயாகும்.