ஏமாந்தேன் என்பதும் மோசடி என்பதும்

பாகாயத்திலிருந்து காட்பாடிக்கு ஓடும் நகரப் பேருந்தில், பணத்தைப் பறிகொடுத்தவர் தம் கதையை "ஏமாந்துட்டேன்" என்றுதான் தொடங்குவார். அதே கதை காவல் நிலையத்தில் புகாராக எழுதப்படும்போது 'மோசடி' ஆகிவிடும். நடந்தது ஒன்றே, சொற்கள் இரண்டும் ஒன்றல்ல.

'ஏமாற்று' பரந்த சொல். நிலாவைக் காட்டி ஏமாற்றித் தாய் சோறூட்டுகிறாள். ஆட்டத்தில் ஏமாற்றுவதாகப் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். மழைகூட ஏமாற்றுகிறது. கெட்ட எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல் பொருந்தும். வஞ்சனைக்கும் நிறைவேறாத எதிர்பார்ப்புக்கும் 'ஏமாற்றம்' என்ற ஒரே பெயர் அதனால்தான்.

'மோசடி' குறுகிய சொல். தாயும் மழையும் மோசடி செய்வதில்லை. தோலுக்குப் பெயர்போன ஆம்பூர்ப் பக்கத்தில் ரெக்சின் செருப்பைத் தோல் என்று தெரிந்தே சொல்லி விற்றால், அது மோசடி. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கான 420ஆம் பிரிவு 'நானூத்தி இருபது' என்ற வசவாகவே நம் பேச்சில் ஊறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல், அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318(4). வாக்குத் தவறியது மட்டும் போதாது, தொடக்கத்திலேயே ஏய்க்கும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு.

முக்கிய வேறுபாடு இலக்கணத்தில் இருக்கிறது. 'ஏமாறு' தன்வினை, 'ஏமாற்று' பிறவினை. "ஏமாந்தேன்" என்ற வாக்கியத்தில் ஏய்த்தவனுக்கு இடமே இல்லை. பழி முழுதும் இழந்தவர் தலையில். போதாததற்கு 'ஏமாளி' என்ற பட்டம் வேறு. ஆம்பூர், வாணியம்பாடி உருது வீடுகளிலும் இதே கதைதான்: ஏய்ப்பவர் 'தோக்கா' கொடுக்கிறார், ஏமாந்தவர் 'தோக்கா' தின்கிறார். 'மோசடி'க்கோ தன்வினை வடிவம் கிடையாது. "மோசடி" என்றதுமே "யார் செய்தது?" என்ற கேள்வி எழுகிறது.

2022இல் காட்பாடியை மையமாகக் கொண்ட ஐ.எஃப்.எஸ். நிதி நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. ஆயிரக்கணக்கானோர் பணம் போட்டிருந்தனர். இத்தகைய இழப்பை "ஏமாந்துட்டேன்" என்று சொல்லும்போது வெட்கம் வாயை அடைக்கிறது, புகார் தள்ளிப்போகிறது.

'ஏமாற்று' சோறூட்டும் திண்ணையிலும் விளையாட்டிலும் இருக்கட்டும். பணம் பறிபோனால் "மோசடி செய்துவிட்டார்கள்" என்று உரக்கச் சொல்லுங்கள். இணையவழியில் போயிருந்தால் அப்போதே 1930 எண்ணை அழையுங்கள்.