மூன்று நீல இழைகள்: இங்கிலாந்தின் சட்டங்களில் பருத்தித் துணியின் வகைப்பாடும் பிறப்பிடமும் (1700–1774)

சுங்க வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் வரி விகிதத்தையே கருத்திற் கொள்வர். ஆயின், வரி எவ்வளவு என்று கணக்கிடுமுன் இரு வினாக்களுக்கு விடை காணப்பட வேண்டும். வந்திறங்கிய பொருள் எவ்வகையைச் சார்ந்தது? அஃது எந்நாட்டில் உருவானது? இவ்விரு வினாக்களும் ஒரு தொழிலின் வாழ்வையும் தாழ்வையும் முடிவுசெய்ய வல்லவை என்பதற்கு, 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து இயற்றிய பருத்தித் துணிச் சட்டங்கள் தக்க சான்றாகும். சோழமண்டலக் கரையின் நெசவாளரும் சாயத் தொழிலாளரும் அந்நாட்டுச் சந்தைக்குத் துணி வழங்கி வந்தமையால், அச்சட்டங்களின் சொல்லாட்சி தமிழக வரலாற்றோடும் தொடர்புடையதாகிறது.

பெயரும் பொருளும்

இந்தியப் பருத்தித் துணியை ஆங்கிலேயர் ‘காலிகோ’ என வழங்கினர். கோழிக்கோட்டின் பெயரடியாகப் பிறந்த இச்சொல், காலப்போக்கில் சோழமண்டலம், கூர்ச்சரம், வங்காளம் ஆகிய பகுதிகளின் துணிகளையும் குறிக்கலாயிற்று. ஓர் ஊரின் பெயர் ஒரு துணி வகையின் பெயராக மாறியதனால், பெயரைக் கொண்டு பிறப்பிடம் அறிய இயலாத நிலை ஏற்பட்டது.

1700: சாயமிட்ட இடம்

கிழக்கிந்தியக் கம்பெனி கொணர்ந்த வண்ணத் துணிகளால் தம் தொழில் நலிவதாக ஆங்கிலக் கம்பளி, பட்டு நெசவாளர் முறையிட்டனர். அதன் விளைவாக 1700இல் இயற்றப்பெற்ற சட்டம், இந்தியா, பாரசீகம், சீனா ஆகிய நாடுகளின் பட்டுத் துணிகளையும், அந்நாடுகளில் ஓவியம் தீட்டியோ சாயமிட்டோ அச்சிட்டோ வந்த காலிகோக்களையும் உள்நாட்டில் பயன்படுத்தத் தடை விதித்தது. அவை பண்டகசாலையில் வைக்கப்பட்டு மறு ஏற்றுமதி செய்யப்படலாம். வெள்ளைக் காலிகோவும் மஸ்லினும் வரி செலுத்தி உள்ளே வரலாம்.

இங்கு நெய்த இடத்தினும் சாயமிட்ட இடமே அளவுகோலாயிற்று என்பது நோக்கத்தக்கது. சோழமண்டலத்தில் வெள்ளைத் துணி நெய்தவர்க்கு ஆங்கிலச் சந்தையின் வாயில் திறந்தே இருந்தது. சாயவேர் கொண்டு செந்நிறம் ஏற்றியவர்க்கோ அது மூடப்பட்டது. ஒரே துணியில் அடுத்தடுத்து உழைத்த இரு தொழிலாளரைச் சட்டத்தின் ஒரு சொல் பிரித்துவிட்டது. இறக்குமதியான வெள்ளைத் துணியின்மீது இலண்டன் அச்சுத் தொழில் வளர்ந்தது.

1721: துணியின் வகை

அவ்வளர்ச்சி புதிய பகையைத் தோற்றுவித்தது. 1719இல் இலண்டன் பட்டு நெசவாளர் கலகம் செய்து, காலிகோ அணிந்த மகளிரைத் தெருவில் தாக்கினர். 1721ஆம் ஆண்டுச் சட்டம், எங்கே அச்சிடப்பட்டதாயினும் வண்ணக் காலிகோவை அணிவதையும் விற்பதையும் தடைசெய்தது. அணிந்தோர்க்கு 5 பவுண்டும் விற்றோர்க்கு 20 பவுண்டும் தண்டமாக விதிக்கப்பட்டன. மஸ்லின், கழுத்துத் துணி, பஸ்டியன், முழுதும் நீலமாகச் சாயமிட்ட காலிகோ ஆகியவை விலக்குப் பெற்றன. இதனால் பிறப்பிடம் பின்தள்ளப்பட்டு, வகைப்பாடு முதன்மை பெற்றது.

வகைப்பாடு முதன்மை பெற்றவிடத்து, வகையின் எல்லை வழக்கிற்கு உரியதாகிறது. பாவில் ஆளிநாரும் ஊடையில் பருத்தியும் இட்டு லங்காசயர் நெசவாளர் நெய்த கலப்புத் துணி எவ்வகை? 1736ஆம் ஆண்டின் ‘மான்செஸ்டர் சட்டம்’ அதனை அச்சிட்டு அணியலாம் என உறுதிசெய்தது. ஆளிநார்ப் பாவு ஒன்றே அதனைக் காலிகோவினின்று வேறுபடுத்தியது.

1774: நெய்த இடம்

ரிச்சர்டு ஆர்க்ரைட் 1769இல் காப்புரிமை பெற்ற நூற்பு எந்திரம், பாவுக்கேற்ற வலிமையுள்ள பருத்தி நூலை அளித்தது. அதனால் முழுப் பருத்தித் துணி இங்கிலாந்திலேயே உருவாயிற்று. ஆயினும் 1721ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்படி அதுவும் காலிகோவே. இந்தியத் துணியைத் தடுக்க எழுப்பிய சுவர், அதனைப் போல நெய்யக் கற்ற ஆங்கிலேயரையே தடுத்தது. ஆர்க்ரைட்டும் அவர்தம் கூட்டாளிகளும் நாடாளுமன்றத்திடம் விண்ணப்பித்தனர். 1774ஆம் ஆண்டுச் சட்டம், பிரிட்டனில் நூற்று நெய்த முழுப் பருத்தித் துணிக்கு மட்டும் விலக்கு அளித்தது.

ஆனால் அதிகாரி இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவார்? துணியின் இரு ஓரங்களிலும் நெடுக மூன்று நீல இழைகளைப் பாவில் இட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பிரிட்டனில் செய்யப்பட்டது எனக் காட்டும் முத்திரையும் கட்டாயமாயிற்று. இந்திய வண்ணக் காலிகோவின் மீதான தடை அதன் பின்னும் நீடித்தது.

முடிவுரை

சாயமிட்ட இடம், துணியின் வகை, பாவின் நார், நெய்த இடம் என அளவுகோல் மூன்று முறை மாறியது. ஒவ்வொரு மாற்றமும் அந்தந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வலிமை பெற்றிருந்த தொழிலின் தேவையை ஒட்டியே நிகழ்ந்தது. இரு நாட்டுத் துணிகளும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றத் தொடங்கியபோதே பிறப்பிட அடையாளம் துணிக்குள் நெய்யப்பட்டது என்பது சிறப்பாகக் கருதத்தக்கது. ஒரு நாட்டில் நெய்து மற்றொரு நாட்டில் அச்சிட்ட துணி எந்நாட்டிற்கு உரியது என்னும் வினா இன்றைய பிறப்பிட விதிகளிலும் தொடர்கிறது. அந்த நீல இழைகளோ, இன்று அருங்காட்சியகங்களில் பழந்துணிகளின் காலத்தைக் கணிக்க உதவும் சான்றாக எஞ்சியுள்ளன.