முதல் தலைமுறையோடு நின்றதா? கரீபியக் கலப்பினப் பவளம் குறித்த 2002ஆம் ஆண்டு முடிவின் மறுவாசிப்பு

அக்ரோபோரா ப்ரோலிஃபெரா தனி இனம் அன்று என்ற வழக்கு 2002இல் முடிந்துவிட்டதாகவே பவள ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர். அந்த ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் ஸ்டீவன் வால்மரும் ஸ்டீஃபன் பாலும்பியும் வெளியிட்ட கட்டுரையே அதற்குக் காரணம். இனம் அன்று என்பதில் எனக்கும் மாறுபாடில்லை. ஆனால் அக்கட்டுரை அங்கே நிற்கவில்லை. இந்தக் கலப்பினம் பரிணாமத்தில் பெரிதாக எதையும் செய்ய வல்லதன்று என்றும் சொன்னது. பின்னால் வந்தவர்கள் முதல் கூற்றின் வலுவை இரண்டாவதற்கும் கொடுத்துவிட்டார்கள் என்பதே என் வாதம்.

முன்கதை தெரிந்ததுதான். இந்தோ-பசிபிக் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகிய அக்ரோபோராவுக்குக் கரீபியத்தில் மூன்றே பெயர்கள். அகன்ற கிளைகளையுடைய பால்மேட்டா, மான்கொம்புப் பவளமான செர்விகார்னிஸ், இரண்டுக்கும் இடைப்பட்ட ப்ரோலிஃபெரா. மூன்றுக்கும் 1816இல் பெயரிட்டவர் லமார்க். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாகன் மூன்றையும் ஒரே இனத்தின் வடிவங்களாக அடக்கிப் பார்த்தார். மேடலின் வான் ஓப்பன் குழுவினரின் 2000ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகு ப்ரோலிஃபெராவைக் கலப்பினமாகக் கொள்வதே பொருத்தம் என்ற கருத்து வலுத்தது.

வால்மரும் பாலும்பியும் இதற்கு எண்கணிதத் துல்லியம் தந்தார்கள். பெற்றோர் இனங்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கும் உட்கரு மரபணு இடங்கள் இரண்டில், ப்ரோலிஃபெரா என்று சேகரிக்கப்பட்டவை அனைத்தும் ஆளுக்கொரு பாதியைக் கொண்டிருந்தன. அதாவது அனைத்தும் முதல் தலைமுறைக் கலப்புகள். முட்டை எந்த இனத்தினுடையது என்பதைப் பொறுத்து அவற்றின் தோற்றமும் மாறியது. இயற்கைத் தேர்வு இவற்றை மேலே செல்ல விடுவதில்லை. ஆனால் கிளை முறிந்து, முறிந்த துண்டு வேரூன்றிப் பெருகுவதால் இவை சாகாமல் நீடிக்கலாம் என்று முடித்தார்கள். வம்சம் விடாத, ஆனால் சாவும் இல்லாத கோவேறு கழுதை என்று இந்தச் சித்திரத்தைச் சுருக்கலாம்.

இதில் எவ்வளவு உறுதி? முதல் தலைமுறைக் கலப்பு ஒன்று பெற்றோரில் ஒருவரோடு மறுபடி கலந்தால், பிறக்கும் பவளம் ஒரு மரபணு இடத்தில் ஆளுக்குப் பாதி என்று அமைய வாய்ப்பு இரண்டில் ஒன்று. இரண்டு இடங்களிலும் அமைய நான்கில் ஒன்று. ஆகவே ஒற்றை மாதிரியை வைத்து முதல் தலைமுறை என்று சொல்லிவிட முடியாது. சேகரித்தவை எல்லாமே அப்படி இருந்தால் தற்செயல் என்று தள்ளவும் முடியாது. ஒரே பவளத்தின் முறிந்த துண்டுகள் தனித்தனி மாதிரிகளாக எண்ணப்படும் அபாயம் இவ்வகை ஆய்வில் எப்போதும் உண்டு என்றாலும், அதைக் கழித்த பிறகும் அவர்கள் கணக்கு நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. ப்ரோலிஃபெரா என்று எதைப் பொறுக்கினார்கள்? கண்ணுக்கு இடைப்பட்டதாகத் தெரிந்ததை. செர்விகார்னிஸோடு இரண்டு, மூன்று தலைமுறை மறுகலப்புற்ற பவளம் கண்ணுக்கு எப்படி இருக்கும்? பெரும்பாலும் செர்விகார்னிஸ் போலவே. அதைச் சேகரிப்பவர் செர்விகார்னிஸ் என்றுதான் சீட்டு எழுதுவார். ‘ப்ரோலிஃபெரா யாவும் முதல் தலைமுறை’ என்ற கண்டுபிடிப்பில் ஒரு பங்கு சேகரிப்பு முறையே தந்த விடை. கலப்பினத்துக்கு வாரிசு உண்டா என்று அறிய, கலப்பினம் என்று பெயர் சூட்டப்பட்டதற்குள் தேடிப் பயனில்லை. பெற்றோர் என்று பெயர் சூட்டப்பட்டதற்குள் தேட வேண்டும்.

அப்படித் தேடிய ஆய்வு ஒன்று உண்டு. செய்தவர்களும் அதே இருவர்தான். மறுகலப்புப் பற்றிய விவாதத்தில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. தலைப்பு வேறு பொருளைச் சொல்வது காரணமாக இருக்கலாம். 2007இல் அவர்கள் கரீபியம் முழுவதிலும் 9 வட்டாரங்கள், 22 இனத்தொகைகளிலிருந்து 160 செர்விகார்னிஸ் பவளங்களை ஆராய்ந்தார்கள். பவள லார்வாக்கள் 500 கிலோமீட்டருக்கு மேல் பரவுவது அரிது என்பதே அதன் தலைமை முடிவு. பால்மேட்டாவில் கிழக்கும் மேற்கும் பிரிந்து நிற்பதை இலியானா பாம்ஸ் குழு 2005இல் காட்டியதோடு சேர்த்து, பவளத்திட்டுகளை மீட்பது பற்றிய பேச்சில் இது அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அந்த 160இல் சிலவற்றுக்குள் பால்மேட்டாவின் மரபணு வடிவங்கள் இருந்தன என்ற செய்தி அதற்கு அடியில் கிடக்கிறது. அவற்றுள் இழைமணி டி.என்.ஏ.வும் உண்டு. நான் நின்று பார்க்க விரும்புவது இதைத்தான்.

இழைமணி முட்டை வழியாகவே வரும். செர்விகார்னிஸ் உடலில் பால்மேட்டா இழைமணி இருக்கிறதென்றால், ஒரு காலத்தில் பால்மேட்டா முட்டையைச் செர்விகார்னிஸ் விந்து கருவுறச் செய்திருக்க வேண்டும். பிறந்த கலப்பினம் முட்டையிட்டு, அதையும் செர்விகார்னிஸ் விந்து தீண்டி, தோற்றம் முழுக்கச் செர்விகார்னிஸாக மாறும்வரை அது தொடர்ந்திருக்க வேண்டும். வம்சம் விடாது என்று சொல்லப்பட்ட ஒன்றின் தாய்வழி இது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. இரண்டு இனங்களும் பிரியும் முன்பே இருந்த பழைய வடிவம் இரண்டிலும் தங்கியிருக்கலாமே? பவளங்களின் இழைமணி டி.என்.ஏ. மிக மெதுவாக மாறுவதால் இந்த ஐயத்தைத் தட்டிக் கழிக்க முடியாது. ஆனால் அப்படித் தங்கிய வடிவம் கடல் முழுவதும் ஏறத்தாழச் சீராகச் சிதறிக் கிடக்க வேண்டும். 2007 கட்டுரை காட்டுவதோ சில திட்டுகளில் குவிந்த மரபணு ஊடுருவல். 2 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள திட்டுகளே இதனால் மரபணு அளவில் வேறுபட்டன. பழைய மிச்சம் இப்படிக் குவியாது. உள்ளூரில், ஓரளவு அண்மையில் நடந்த கலப்பே இப்படிக் குவியும். ‘அண்மை’ என்பது நூறாண்டா ஆயிரமாண்டா என்பதற்கு என்னிடம் சான்றில்லை.

சிக்கல் இன்னொரு பக்கமிருந்தும் வருகிறது. இது என் வாதத்துக்கும் இடைஞ்சல்தான். நிக்கோல் ஃபோகர்டி, வால்மர், லெவிட்டன் மூவரும் 2012இல் கருவுறுதலைச் சோதித்தார்கள். ஆகஸ்ட் முழுநிலவை ஒட்டிய இரவுகளில் இரு இனங்களும் முட்டை, விந்துப் பொதிகளை வெளியிடும் நேரம் சற்றே விலகினாலும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. செர்விகார்னிஸ் முட்டைகள் அந்நிய விந்தைத் தடையின்றி ஏற்றன. பால்மேட்டா முட்டைகள் எதிர்த்தன. ஊடுருவல் ஒருதிசையாக, பால்மேட்டாவிலிருந்து செர்விகார்னிஸுக்குச் செல்வதை இது விளக்குவதாக அவர்கள் கொண்டார்கள். உட்கரு மரபணுவுக்கு விளக்கம் பொருந்துகிறது. இழைமணிக்குப் பொருந்தவில்லை. அதன் முதல் கலப்பு பால்மேட்டா முட்டையில், அதாவது கதவு சாத்தியிருந்த பக்கத்தில்தான் நடந்திருக்க வேண்டும்.

வழி அந்தச் சோதனையிலேயே இருக்கிறது. பால்மேட்டா முட்டையின் எதிர்ப்பு, தன் இனத்து விந்து அருகில் போட்டியிடும்போதுதான் மிகுதி. தன் இன விந்து அரிதான இடத்தில் அது தளரும். பால்மேட்டா அரிதாகி, செர்விகார்னிஸ் மலிந்திருந்த திட்டுகளில்தான் இந்த இழைமணி கைமாறியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். 2007இன் குவியல்களும் சில திட்டுகளுக்கே உரியவையாக இருப்பது இதற்கு இசைகிறது. ஊகம்தான்; ஆனால் சோதிக்கக்கூடிய ஊகம்.

காலத்தை நிறுவுவதில்தான் எல்லாம் நழுவுகிறது. 1970களின் இறுதியில் தொடங்கிய வெண்பட்டை நோய் இரு பெற்றோரையும் அழித்தபின் கலப்பினம் தலையெடுத்தது என்றொரு கருத்து உண்டு. பிரெக்ட் குழுவினர் 2019இல் ப்ரோலிஃபெராவின் புதைபடிவங்களை அறிவித்து, கலப்பு பழையதே என்று காட்டினர். (வால்மர் அதிலும் இணையாசிரியர். தம் முடிவைத் தாமே சோதித்துக்கொண்டிருக்கும் ஆய்வாளர் அவர். என் மாறுபாடு அவரைவிட அவரை மேற்கோள் காட்டுவோரோடுதான்.) ஆனால் கல்லான கிளை தோற்றத்தைச் சொல்லும், தலைமுறையைச் சொல்லாது. உடல்செல் மாற்றங்களைக் கொண்டு பால்மேட்டாவின் வயதைக் கணித்த 2016ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு கணக்கு 30 முதல் 838 ஆண்டு வரை போகிறது. உச்ச மதிப்பீடோ 5,000 ஆண்டையும் தாண்டுகிறது. தனிப் பவளம் ஒன்றே அவ்வளவு காலம் வாழுமானால், ‘சில தலைமுறை மறுகலப்பு’ என்பது நூற்றாண்டுக் கணக்கில் அடங்குமா என்பதே ஐயம்.

ப்ரோலிஃபெராவை வெறும் கலப்பினமாக வாசித்ததற்கு ஏட்டுக்கு வெளியேயும் விளைவு இருந்தது. 2004இல் மூன்று பெயர்களையும் அமெரிக்க அருகிவரும் உயிரினச் சட்டத்தில் சேர்க்கக் கோரி மனு போனது. கலப்பினம் என்பதால் ப்ரோலிஃபெரா விலக்கப்பட, 2006இல் மற்ற இரண்டு மட்டும் பட்டியலேறின. அது இனம் அன்று என்பதால் சட்டத்தின் சொற்படி முடிவு சரி. ஆனால் செர்விகார்னிஸுக்குள் பால்மேட்டா மரபணு செல்லும் பாதை ப்ரோலிஃபெரா வழியாகத்தான் என்றால், பாதுகாக்கப்பட்ட இரண்டுக்கும் நடுவிலிருக்கும் பாலம் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

ஊடுருவலின் காலம் பற்றி முடிவு தரக்கூடியவை வெண்பட்டை நோய்க்கு முன் சேகரித்து அருங்காட்சியகங்களில் உலர்ந்து கிடக்கும் செர்விகார்னிஸ் கிளைகள். அவற்றில் பால்மேட்டா இழைமணி அதே அளவில் கிடைத்தால் ஊடுருவல் நோய்க்கு முந்தியது. கிடைக்காவிட்டால், மாதிரிகள் போதவில்லையா, உண்மையிலேயே இல்லையா என்ற கேள்வி அப்படியே இருக்கும்.