மேடைக்குப் பின்னே நின்றவர்கள்

கலைவரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் மேடையின்மேல் நின்றவர்களைப் பற்றியே எழுதுகின்றனர். பாடியவர் யார், ஆடியவர் யார், வேடம் புனைந்தவர் யார் என்பன ஏட்டில் ஏறுகின்றன. அம்மேடையை அமைத்தவர், கலைஞரைத் திரட்டியவர், ஊதியம் பகிர்ந்தவர், ஒருவர் நோயுற்றபோது மற்றொருவரை நிறுத்தி ஆட்டம் தடைப்படாமல் காத்தவர் எவ்வாறு உருவாயினர் என்னும் வினாவை எவரும் எழுப்புவதில்லை. கலைத்தலைமை என்பது பிறவிக் குணமா, பயிற்சியின் விளைவா? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்குப் பினாங்குத் தீவு நல்லதொரு களமாகும்.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய பின்னர், ஜார்ஜ் டவுன் பல்வேறு மக்கள் இறங்கி வாழ்ந்த துறைமுகமாக வளர்ந்தது. சூலியா தெரு, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் ஆகியவற்றைச் சிறிது நேரத்தில் நடந்தே கண்டுவிடலாம். அத்தகைய நெருக்கத்தில் ஓர் இனத்தாரின் கலையை மற்றோர் இனத்தார் திண்ணையிலிருந்தே கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. முகரம் மாதத்தில் ஆடப்பட்டு வந்த போரியா, சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்த முஸ்லிம் வீரர் வழியாக இங்கு வந்தது என்பது பலர் கொண்டுள்ள கருத்து. அதன் தலைவரைத் ‘துக்காங் காராங்’ என்பர். செய்யுள் புனைவதும், முன்னின்று பாடுவதும் அவர் கடமை. குழுவினர் அவர் பாடியதைத் திரும்பப் பாடி ஆடுவர். கவிஞரும் தலைவரும் ஒருவராகவே இருந்த நிலை இது.

இதனினும் விரிவாக நோக்கத்தக்கது பங்சாவான் நாடகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், பம்பாயைச் சார்ந்த பார்சி நாடகக் குழுக்கள் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தன. தீட்டிய திரைச்சீலைகள், ஆர்மோனியம், இந்திரசபை போன்ற கதைகள் ஆகியவற்றைக் கண்டு ஊரார் மயங்கினர். அக்குழுவினரின் உடைகளையும் மேடைப் பொருள்களையும் மாமாக் புஷி என்னும் பினாங்குச் செல்வர் விலைக்கு வாங்கி, 1880களில் மலாய் மொழியில் ஆடும் குழுவொன்றைத் தொடங்கினார் என்பர். அவர் மருமகன் பாய் காசிம் நாயக வேடம் ஏற்றார். இவ்வாறு இந்தியர் கொணர்ந்த வடிவம் மலாய் மக்களின் மேடைக்கலையாக மலர்ந்து, சுமத்திரா, சாவகம் வரை சென்றது.

பங்சாவான் நாடகத்திற்கு முழுமையாக எழுதப்பட்ட உரையாடல் கிடையாது. இன்ன கதை, இன்ன காட்சி, இன்னார் இன்ன வேடம் என்று அன்றன்று வகுத்துச் சொல்ல ஒருவர் இருந்தார். எஞ்சியவற்றை நடிகர்கள் மேடையிலேயே நிரப்பிக்கொண்டனர். இம்முறையை ஒழுங்கின்மை என்று எள்ளியவர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. எழுத்து இல்லாதவிடத்து ஒவ்வொருவரும் கதை முழுவதையும் அறிந்திருத்தல் வேண்டும்; உடன் நடிப்பவர் தடுமாறினால் தாங்கிப் பிடித்தல் வேண்டும். அவையோர் சலிப்புறும் நொடியை உணர்ந்து, காட்சி மாற்றத்திற்கிடையே ஆடல் பாடலைப் புகுத்துதல் வேண்டும். பல்லாண்டு இவ்வாறு உழைத்தவரே பின்னர்த் தனிக் குழு அமைத்தனர். மேடையே அவர்களின் பள்ளி. தான் சூய் பெங் என்னும் பினாங்கு ஆய்வாளர் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட பங்சாவான் வரலாற்று நூல், இக்கலையின் சமூகப் பின்னணியை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

இதே பார்சி மேடையின் தாக்கத்தைத் தமிழகமும் ஏற்றது. ஆயினும் அங்குத் தலைமை உருவான வழி வேறு. சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) வயது வந்த நடிகர்களின் ஒழுங்கின்மையால் மனம் நொந்து, சிறுவரைக் கொண்டு நாடகம் நடத்தத் துணிந்தார். 1918ஆம் ஆண்டில் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அவரே ஆசிரியர். ‘வாத்தியார்’ என்ற சொல் நாடக உலகில் பெற்ற பெருமையை அக்காலத்தார் நன்கறிவர். பாடல், வசனம், உச்சரிப்பு, மேடை ஒழுக்கம் யாவும் அவர் வாயிலாகவே சிறுவர்க்கு வந்தன. தம் இறுதிக் காலத்தில் வாதநோயால் பேச்சை இழந்தும் அவர் குழுவை விட்டு அகலவில்லை.

அச்சபையில் பயின்ற டி.கே.எஸ். உடன்பிறந்தார் நால்வரும் 1925ஆம் ஆண்டில் தமக்கென ஒரு குழு கண்டனர். மூத்தவர் சங்கரன் நிருவாகத்தைத் தாங்க, சண்முகம் நடிப்பிலும் பயிற்றுவித்தலிலும் முன்னின்றார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் போன்றோர் அக்குழுவில் வளர்ந்தனர். ஆசிரியர் மறைந்து மூன்றாண்டு கழியுமுன் மாணவர் தலைவராயினர் என்பது எளிய செய்தியன்று. எனினும் பாலர் குழுக்களைப் பொற்காலம் என்று போற்றுதலும் பொருந்தாது. கல்வியிழந்த சிறுவர் எத்தனையோ பேர். குரல் உடைந்ததும் கைவிடப்பட்டவரும் அவர்களுள் உண்டு. பயிற்சியின் ஆழத்தை மட்டும் நாம் கொள்ளலாம். பிரம்பை அங்கேயே விட்டுவிடலாம்.

மீண்டும் பினாங்குக்கு வருவோம். 1929ஆம் ஆண்டில் இத்தீவில் பிறந்த பி. ராம்லி, 1948ஆம் ஆண்டில் கடலுக்கப்பால் புக்கிட் மெர்தாஜாமில் பாடியதைக் கேட்ட இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், அவ்விளைஞரைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் அவர் பின்னணி பாடினார். சிறு வேடங்கள் ஏற்றார். ஓய்வு நேரத்திலும் படப்பிடிப்பை உற்றுநோக்கிக் கற்றார். 1950ஆம் ஆண்டில் ‘பக்தி’ என்னும் படத்தில் நாயக வேடத்தை அவருக்கு அளித்துத் தம் குரலிலேயே பாடவும் இடந்தந்தவர் இயக்குநர் எல். கிருஷ்ணன். சென்னையிற் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர் அவர். அழகிய முகம் இல்லாதவர் நாயகராவதா என்ற ஐயம் நிலவிய நாளில் அத்துணிவைக் காட்டினார். 1955ஆம் ஆண்டில் ராம்லி ‘பெனாரிக் பேச்சா’வைத் தாமே இயக்கினார். பாடகர் இயக்குநராக ஏழாண்டுகள் ஆயின.

அவர் வாழ்வின் பிற்பகுதி வேறொன்றைக் காட்டுகிறது. 1964ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்குப் பெயர்ந்த அவருக்கு, சிங்கப்பூரில் வாய்த்திருந்த தேர்ந்த பணியாளர் கூட்டமும் கருவிகளும் அமையவில்லை. ஜாலான் அம்பாஸ் நிலையம் 1967ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1973ஆம் ஆண்டில், 44ஆம் வயதில், ராம்லி மறைந்தார். திறமை அவரிடம் குன்றிவிட்டது என்பதைவிட, அத்திறமையைத் தாங்கிய கூட்டம் கலைந்துவிட்டது என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

நம் எழுத்துலகம் இவ்வகையில் ஓரளவு முன்னோடியே. 1950ஆம் ஆண்டில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தொடங்கிய கதை வகுப்பை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ வாயிலாக வளர்த்த மாணவர் மணிமன்றம் எழுதும் இளைஞரை உருவாக்கியதோடு நில்லாமல், கூட்டம் கூட்டவும் அறிக்கை எழுதவும் அவர்களைப் பழக்கிற்று. 1952ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய தமிழர் திருநாள் மலாயா எங்கணும் பரவியபோது, பந்தல் முதல் பரிசு வரை பொறுப்பேற்றவர் பலர் இளைஞரே. பின்னாளில் இயக்கங்களை நடத்தியோருள் அவ்வாறு பழகியவர் பலர் இருந்தனர்.

ஆனால் நம் ஆடல், இசை, நாடகக் குழுக்களில் இத்தொடர்ச்சி அரிது. நான் இளமையில் அறிந்த ஒரு நாடகக் குழுவை நிறுவியவர் நல்ல நடிகர், நல்ல மனிதருங்கூட. கணக்கு அவர் சட்டைப்பையில் இருந்தது. மண்டபத்தாரின் தொலைபேசி எண் அவர் நினைவில் இருந்தது. அவர் மறைந்த பின்னர் இருபது நடிகர் எஞ்சினர். அவர்களுள் எவருக்கும் உரிமம் எங்கே பெறுவது என்று தெரியவில்லை. உடைப்பெட்டி ஓர் உறுப்பினர் வீட்டு மாடிப்படியின் கீழே கிடந்து பூச்சியரித்தது.

2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுன் நகரம் மலாக்காவுடன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன் விழாவும் தொடங்கிற்று. நிதியும் மேடையும் பெருகின. விண்ணப்பம் எழுதவும், வரவு செலவுத் திட்டம் வரையவும் அறிந்த குழுக்களே அவற்றால் பயன் கொண்டன. அதற்கு முன்னரே, 1999ஆம் ஆண்டில் தோன்றிய ‘ஆர்ட்ஸ் எட்’ என்னும் அமைப்பு, கலைக்கல்வியாளர் ஜேனட் பிள்ளையின் முயற்சியால், நகரச் சிறுவரைத் தெருவுக்கு அழைத்துச் சென்று, கைவினைஞரிடமும் முதியவரிடமும் கேட்டறிந்ததைக் கலையாக்கப் பழக்கியது. கேட்பது, குறிப்பெடுப்பது, வேலை பகிர்வது என்பன அங்குக் கலைப்பயிற்சியின் பகுதிகளாயின. ஆடல் வகுப்பில் அடவு மட்டும் கற்பிக்கும் நம் ஆசான்கள் இதனை ஒருமுறை சென்று காணலாம்.

பள்ளி நாடகப் போட்டிக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் ஆசிரியர், வேடம் கிடைக்காத பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் இன்றும் உண்டு. நானும் நெடுநாள் அவ்வாறே செய்தேன். ஒருமுறை, குரல் எடுபடவில்லை என்று நான் விலக்கிய மாணவி ஒருத்தி வாயிலில் அழுது நின்றாள். கணக்கேட்டை அவள் கையில் கொடுத்து, விளக்கு வாடகைக்கு விடுவாரிடம் பேசி வரச் சொன்னேன். மறுநாள் பத்து வெள்ளி குறைத்துப் பேசி வந்தாள். எந்தக் காட்சிக்கு எந்த விளக்கு என்றும் தாளில் எழுதியிருந்தாள். அடுத்த ஆண்டு நாடகத்திற்கு யார் யார் வேண்டும் என்று அவள்தான் என்னிடம் வந்து கேட்டாள்.