மூன்றாவது இருக்கை

கீழ்பென்னாத்தூரில் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்த நண்பர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. பஸ்ஸில் கூட்டம் பிதுங்கும். ஆனாலும் காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் கையைக் காட்டினால் வண்டி நிற்கும். அவர் வேறு டிப்போ டிரைவர். "ஏறுங்கண்ணே" என்பார் நம்ம டிரைவர். அவரும் இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து பேசிக்கிட்டே வருவார். ஒரே தொழில்காரர் என்கிற மரியாதை!

ஆகாயத்திலும் இந்த மரியாதை உண்டு. விமானி அறையில் இரண்டு பைலட்டுகளுக்கும் பின்னால் ஒரு மடக்கு இருக்கை இருக்கும். பெயர் ஜம்ப் சீட். சோதனை அதிகாரிகளுக்கான இடம்தான். ஆனால் வீடு திரும்பும் பைலட், வேறு கம்பெனிக்காரராக இருந்தாலும், கேப்டனின் அனுமதியோடு அதில் பயணம் செய்வது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம்.

கூட ஒரு தொழில்காரர் இருப்பது எவ்வளவு உதவி என்பதை 1989 ஜூலை 19 காட்டியது. யுனைடெட் 232 விமானத்தின் கட்டுப்பாடுகள் முழுவதும் செயலிழந்தன. பயணியாக வந்த பயிற்சியாளர் டென்னிஸ் ஃபிட்ச் விமானி அறைக்குப் போய் இன்ஜின் விசைகளை இயக்கினார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1994 ஏப்ரல் 7 அன்று ஃபெடெக்ஸ் 705 சரக்கு விமானத்தில் இலவசமாக ஏறிவந்த அதே கம்பெனி ஊழியர், விமானிகள் மூவரையும் சுத்தியலால் தாக்கினார். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானி அறைக் கதவுகள் இரும்புக்கோட்டை ஆகிவிட்டன. நம் நாட்டிலும் கண்டிப்புதான். 2023-ல் துபாய்-டில்லி விமானத்தில் பயணியாக வந்த தோழியை விமானி அறைக்குள் விட்ட பைலட்டின் உரிமம் மூன்று மாதம் நிறுத்தப்பட்டது. ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்தோனேசியச் சம்பவம்தான். 2018 அக்டோபர் 28 இரவு லயன் ஏர் மேக்ஸ் விமானம் ஒன்று பாலியிலிருந்து ஜகார்த்தா கிளம்பியது. ஒரு சென்சார் தவறான கணக்கு கொடுக்க, விமானத்தின் மூக்கு தானாகவே கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. ஜம்ப் சீட்டில் இருந்தவர் சகோதர நிறுவனமான பாத்திக் ஏர் பைலட். வால்பகுதி மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னது அவர்தான் என்று பின்னர் செய்தி வந்தது. சுவிட்சை அணைத்தார்கள், விமானம் பத்திரமாக இறங்கியது.

அப்புறம்தான் கோளாறு. பதிவேட்டில் வேகம், உயரம் காட்டும் கருவிகள் ஒத்துப்போகவில்லை என்று எழுதினார்கள். எந்த சுவிட்சை அணைத்துத் தப்பினோம் என்பதை எழுதவில்லை! மறுநாள் காலை அதே விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். கேப்டன் பவ்யே சுனேஜா, டில்லிப் பையன். அன்றைக்கு அந்த மூன்றாவது ஆள் இல்லை. அவருக்குத் தெரிந்த விஷயமும் ஏட்டில் இல்லை. விபத்துக்கு இன்னும் பல காரணங்கள் உண்டு. இந்தப் பதிவுக் குறையையும் விசாரணை அறிக்கை சொல்லியிருக்கிறது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் ஷிப்ட் முடிகிறபோது ஒரு நோட்டு கைமாறும். "சரியாயிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். நானும் ஓடியவன்தான். எப்படிச் சரியாச்சு என்பதையும் எழுதுங்கள். மூன்றாவது இருக்கையில் எல்லா நாளும் ஆள் இருக்கமாட்டார். நாம் எழுதி வைத்தது இருக்கும்.