கல்லாகும் இதய உறை: ஒரு சத்திரசிகிச்சையின் கதை

மஸ்கெலியாத் தோட்டங்களில் செய்தி தேடித் திரிந்த ஆண்டுகளில், "வயிறு வீங்கிச் செத்துப் போனான்" என்று லயத்து வாசல்களில் சொல்லக் கேட்டது அதிகம். அடுத்த வாக்கியம் பெரும்பாலும் சாராயத்தைப் பற்றியதாகவே இருக்கும். குடியால் ஈரல் கெட்டவர்கள் மலையகத்தில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஈரலும் வயிறும் கால்களும் வீங்கிக் கிடக்க, நோயின் வேர் நெஞ்சுக்குள் இருக்கும் வியாதி ஒன்றும் உண்டு. ஒரு சொட்டுச் சாராயம் தொடாத கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் அது வரும்.

இதயத்தைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. காசநோய் போன்றவற்றால் அது அழற்சியுற்று, தடித்து, சிலருக்குச் சுண்ணாம்பு படிந்து ஓடு போலாகிவிடும். இதயத் தசை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், விரிய இடமிராது. உள்ளே வர வேண்டிய இரத்தம் பின்னே தேங்கும், ஈரல் பருக்கும், வயிற்றில் நீர் கோக்கும். மூச்சை உள்ளிழுக்கையில் தளர வேண்டிய கழுத்து நாளம் தளராமல் மேலும் புடைக்கும். இதை ஜேர்மானிய வைத்தியர் குஸ்மால் 1873 இலேயே எழுதி வைத்தார். இதயவுறை நோயொன்று ஈரல் நோயின் வேடம் புனைந்து வருவதை 1896 இல் பிராக் நகரின் பிரீடல் பிக் விளக்கினார். வயிற்றைத் தட்டிப் பார்ப்பவர் கழுத்தையும் பார்க்க வேண்டும் என்பது அவ்வளவு பழைய பாடம்.

இறுகிய உறையை உரித்து எடுத்துவிடலாம் என்று 1898 இல் யோசனை சொன்னவர் பிரெஞ்சு இராணுவச் சத்திரசிகிச்சையாளர் எட்மண்ட் டெலோர்ம். 1913 அளவில் லுட்விக் ரேனும் பேர்டினாண்ட் சவர்புருக்கும் அதைச் செய்து காட்டினார்கள். இந்த ரேன்தான் 1896 இல் கத்திக்குத்துப்பட்ட இதயத்தைத் தைத்து ஒருவரைப் பிழைக்க வைத்தவர். அமெரிக்காவில் 1928 இல் பொஸ்டனில் எட்வர்ட் சேர்ச்சில் செய்தார்.

சொல்வதற்கு எளிது. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்திலிருந்து அந்த ஓட்டைச் சிறிது சிறிதாகப் பிரிக்க வேண்டும். கத்தி சற்றுப் பிசகினால் தசை கிழியும், இருபுறமும் ஓடும் மூச்சு நரம்புகளும் தப்ப வேண்டும். இடது கீழறையை முதலில் விடுவிப்பதே வழமை. வலது புறம் முந்திவிட்டால், பாய்ந்துவரும் இரத்தத்தை இன்னும் கட்டுண்டிருக்கும் இடது புறம் ஏற்க முடியாமல் நுரையீரல் நீரால் நிறையும்.

நம் பக்கத்தில் இந்நோய்க்குப் பெருங்காரணம் காசநோய்தான். வேலூரில் 1940களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைப் பிரிவைத் தொடங்கினார். கொழும்புப் பொது வைத்தியசாலையில் ஏ.டி.எஸ். போல் இத்துறையை வளர்த்தார். தோட்டத்து மக்களுக்கு வைத்தியம் தர வேண்டும் என்று வெள்ளைக்காரர் 1872 இலேயே சட்டம் போட்டார்கள். ஆனால் காற்றோட்டமில்லாத ஒரே காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்தால், ஒருவரது இருமல் எல்லோருக்கும் பொது. சட்டம் அதைத் தடுக்கவில்லை.

பலன் எப்படி? புதுடில்லி எய்ம்ஸ் வைத்தியர்கள் 2006 இல் 395 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். சத்திரசிகிச்சையை ஒட்டி இறந்தவர்கள் 7.6 வீதம். உறையை முழுதாக எடுத்தவர்கள், பாதியோடு விட்டவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். 2004 இல் வெளியான அமெரிக்காவின் கிளீவ்லாந்துக் கணக்கில், காரணம் தெரியாது வந்த நோயில் ஏழாண்டு கடந்து வாழ்ந்தோர் 88 வீதம், மார்புக் கதிர்வீச்சால் வந்ததில் 27 வீதமே. ஆகவே எதனால் வந்தது என்பது பெரிது. எப்போது வந்தார்கள் என்பதும் அதேயளவு பெரிது. ஈரல் கெட்டு, இதயத் தசையும் மெலிந்தபின் உறையை எடுத்தாலும் முழுப் பலன் கிட்டாது.

காசநோய் மருந்தை ஆரம்பத்திலேயே தொடங்கினால் பலருக்குக் கத்தியே தேவைப்படாது. ஆபிரிக்காவில் 1,400 பேரிடம் நடத்தி 2014 இல் வெளியான ஆய்வில், பிரெட்னிசொலோன் சேர்த்துக் கொடுத்தபோது உறை இறுகுவது 7.8 வீதத்திலிருந்து 4.4 வீதமாகக் குறைந்தது. இறப்பு குறையவில்லை, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் புற்றுநோய் கூடியது. எனவே அது எல்லோருக்கும் ஏற்றதல்ல.

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. மஸ்கெலியாவுக்கு அது கிட்டத்தான். நெஞ்சைத் திறப்பதற்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமில்லை என்பதால், வீங்கிய காலோடு மலையேறி மேலும் சில மாதங்களைக் கடத்துபவர்களே அதிகம். உறை இறுகுவதும் அந்த மாதங்களில்தான்.