ஆடுமகளின் கயிறும் பத்து சென்டிமீட்டர் கட்டையும்

நற்றிணை 95ஆம் பாடலில் கோட்டம்பலவனார் ஒரு காட்சியைத் தருகிறார். குழலும் பல்லியமும் ஒலிக்க, முறுக்கேறிய கயிற்றின்மீது ஆடுமகள் ஒருத்தி நடந்தாள். அவள் நடந்த கயிற்றில் இப்போது சிவந்த முகமுடைய குரங்குக்குட்டி தொங்குகிறது. குறச்சிறுவர் அதற்குத் தாளம் கொட்டுகின்றனர். தமிழ்ப் பெண்ணின் உடற்சமநிலைக் கலைக்கு நம்மிடம் உள்ள பழஞ்சான்றுகளுள் இஃது ஒன்று.

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஒலிம்பிக்கில் குழுப்போட்டியாக நுழைந்தது 1928இல், ஆம்ஸ்டர்டாமில்தான். தாவுமேடை, ஏற்ற இறக்கக் கம்பிகள், சமநிலைக் கட்டை, தரைப்பயிற்சி என்னும் நான்கு பிரிவுகளிலும் தனிப்பதக்கங்கள் 1952இல் ஹெல்சின்கியில் வழங்கப்பட்டன. இவற்றுள் ஆடுமகளின் கயிற்றுக்கு நெருங்கிய உறவு சமநிலைக் கட்டையே. அதன் நீளம் 5 மீட்டர், அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர். விழுந்தால் தாங்க மெத்தை உண்டு.

2016இல் ரியோவில், அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் தாவுமேடையில் புரோதுனோவா என்னும் ஆபத்தான தாவலை நிகழ்த்தி 15.066 புள்ளிகள் பெற்றார். 0.150 புள்ளியில் வெண்கலம் நழுவ, நான்காமிடமே கிட்டியது. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் களமிறங்கிய முதல் இந்தியப் பெண் அவரே. அந்தச் சிறு இழப்பை நாடே எண்ணி வருந்தியது.

இரணியல் முதலிய நம்மூர்ச் சந்தைகளில் கழைக்கூத்துப் பெண்கள் கயிற்றில் நடந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். அங்கே கீழே மெத்தையில்லை, மண்தான். அவர்கள் தவறி விழுந்ததை எவரும் புள்ளியிட்டுக் குறிக்கவில்லை. சில்லறையை வீசிவிட்டு நாம் கலைந்துபோனோம். கருவியும் விதியும் பயிற்சியும் கிடைத்திருந்தால் அவர்களுள் எத்தனை தீபாக்கள் தோன்றியிருப்பார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.